கணினியின் குடும்ப அட்டையை யார் வாசிப்பது?

துணுக்காயில் மாலை நேரங்களில் நான் நடத்தும் கணினி வகுப்பில் புதுச் சாதனம் என்று எதுவும் இல்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட மடிக்கணினிகள், வெளிநாட்டில் உள்ள உறவினர்கள் அனுப்பியவை, மலிவு விலைக்கு வாங்கிய ரீவி பெட்டிகள், இவைதான் எங்களிடம் உள்ளவை. ரீவி பெட்டி என்று நான் சொல்வது, தொலைக்காட்சியில் சொருகி யூரியூப் பார்க்கும் உள்ளங்கை அளவுப் பெட்டியை. அதற்குள் இருப்பது ஒரு முழுக் கணினி. லினக்ஸை ஏற்றி, விசைப்பலகையும் திரையும் இணைத்துவிட்டால் ஒரு பிள்ளை நிரலாக்கம் பழகுவதற்கு அது தாராளமாகப் போதும்.

கடந்த வருடம் ஒரே வகைப் பெட்டிகள் இரண்டை ஒரே ரவுட்டரில் இணைத்தோம். ஒன்று இணையத்தில் ஏறினால் மற்றது விழுந்தது. வயரை மாற்றினோம். ரவுட்டரை மாற்றினோம். பயனில்லை. கடைசியில் பார்த்தால், இரண்டு பெட்டிகளும் ஒரே மாக் முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தன. மாக் முகவரி என்பது வலையமைப்பில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய அடையாள அட்டை இலக்கம் போன்றது. இரண்டு பேர் ஒரே இலக்கத்தோடு வந்து நின்றால் யாருக்குக் கடிதத்தைக் கொடுப்பது என்று ரவுட்டருக்குத் தெரியாது.

உண்மையில் இரண்டு பெட்டிகளுக்கும் வெவ்வேறு முகவரிகள் இருந்தன. அவை பெட்டிக்குள்ளேயே பதியப்பட்டும் இருந்தன. பெட்டியோடு வந்த பழைய மென்பொருள்தான் அவற்றைச் சரியான இடத்தில் தேடவில்லை. தான் பார்த்த இடம் வெறுமையாக இருந்ததும், தயாரித்தவர் நிரலுக்குள் எழுதிவைத்த ஏதோ ஓர் இலக்கத்தை எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் பொதுவாக வெளியிடப்படும் புதிய லினக்ஸை ஏற்றியதும் இரண்டும் தத்தமது முகவரியோடு எழுந்தன. பெட்டி மாறவில்லை, பெட்டிக்குள் இருந்த விபரமும் மாறவில்லை. அந்த விபரத்தை வாசித்த நிரல்தான் மாறியது.

எந்தக் கணினியிலும், கைத்தொலைபேசியிலும், இயங்குதளத்தின் நடுவில் கேர்னல் என்று ஒரு பகுதி இருக்கிறது. (வன்னியில் இந்தச் சொல்லைச் சொன்னால் ‘கேணலா?’ என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். படைத்தரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. விதைக்குள் இருக்கும் பருப்பைக் குறிக்கும் சொல் இது.) திரை, வைஃபை, கமரா, மின்கலம் என்று ஒவ்வொரு வன்பொருளையும் இயக்குவதற்குக் கேர்னலுக்குள் தனித்தனி நிரல்கள் உண்டு. எங்கள் பாடப்புத்தகங்கள் இவற்றைச் சாதனச் செலுத்திகள் என்கின்றன. லினக்ஸ் கேர்னலில் இன்று மூன்று கோடிக்கும் அதிகமான நிரல் வரிகள் இருக்கின்றன. அதில் பாதிக்கு மேல் செலுத்திகளே.

ஒரு செலுத்தி வேலையைத் தொடங்க வேண்டுமென்றால் முதலில் தன்னுடைய வன்பொருள் எங்கே இருக்கிறது, எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரிய வேண்டும். மேசைக் கணினியில் இது பெரிய சிக்கலல்ல. அங்குள்ள பெரும்பாலான பாகங்கள், கேர்னல் கேட்டால் தங்களை யார் தயாரித்தார்கள், தாங்கள் எந்த வகை என்பதைத் தாங்களே சொல்லிவிடும். நாங்கள் சொருகும் யூஎஸ்பி சாதனங்களும் அப்படித்தான். கைத்தொலைபேசி, ரவுட்டர், ரீவி பெட்டி போன்றவற்றில் உள்ள ஆர்ம் வகைச் சிப்புகளின் கதை வேறு. அங்கே பல பாகங்கள் வாய் திறக்காது. கேட்டாலும் பதில் வராது. யாராவது முன்கூட்டியே எழுதிவைத்தால்தான் அவை இருப்பதே கேர்னலுக்குத் தெரியும்.

ஆரம்பத்தில் இதைக் கேர்னலுக்குள்ளேயே எழுதினார்கள். புதிதாக ஒரு பலகை சந்தைக்கு வந்தால் அதற்கென ஒரு நிரல் கோப்பு. இன்னொரு கம்பனி கிட்டத்தட்ட அதே பலகையைச் செய்தால், பழைய கோப்பைப் பிரதி எடுத்து நான்கு வரியை மாற்றி இன்னொரு கோப்பு. கைத்தொலைபேசிகள் பெருகப் பெருக இந்தக் கோப்புகளும் பெருகின. 2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து, ஆர்ம் பகுதியில் நடப்பதைக் கடுமையான வார்த்தைகளால் பகிரங்கமாகத் திட்டினார். திட்டுவதில் அவர் பெயர் போனவர், ஆனால் இந்த முறை அதில் நியாயம் இருந்தது. அதே வருடம் யூனில்தான் கொக்காவிலில் புதிய தொலைத்தொடர்புக் கோபுரம் திறக்கப்பட்டது. எங்கள் பக்கத்துக் கைத்தொலைபேசிகளுக்கு அலை ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கிய காலமும், அந்தக் கைத்தொலைபேசிகளுக்குள் இருந்த கேர்னலைத் துப்புரவு செய்யத் தொடங்கிய காலமும் ஒன்றாக அமைந்தன.

துப்புரவுக்குக் கையில் எடுத்த கருவி புதியதல்ல. சன், அப்பிள் கம்பனிகளின் பழைய கணினிகளில் ‘ஓப்பன் ஃபேர்ம்வெயார்’ என்ற முறை இருந்தது. 1994 இல் அதற்கு ஒரு தரமும் வந்தது. கணினியில் உள்ள பாகங்களை ஒரு மரம் போலக் கிளைவிட்டு விபரிக்கும் பட்டியல் அதில் உண்டு. அந்தப் பட்டியலின் பெயர் டிவைஸ் ட்ரீ, எங்கள் மொழியில் சாதன மரம். பவர்பிசி வகைக் கணினிகளுக்கு லினக்ஸ் இதை ஏற்கெனவே பாவித்துக்கொண்டிருந்தது. கிராண்ட் லைக்லி போன்றோரின் உழைப்பால் 2011 இற்குப் பிறகு ஆர்ம் பலகைகளும் இதற்கு மாறின. அன்றிலிருந்து பலகையின் விபரம் கேர்னலுக்கு வெளியே ஒரு தனிக் கோப்பில் இருக்கிறது. சாதனத்தை எழுப்பும் தொடக்க மென்பொருள் அந்தக் கோப்பைக் கேர்னலின் கையில் கொடுக்கிறது.

வகுப்பில் நான் இதைக் குடும்ப அட்டை என்றுதான் சொல்லிக் கொடுக்கிறேன். வீட்டுத் தலைவர் யார், எத்தனை பேர், யாருக்கு என்ன வயது. கேர்னல் அட்டையைப் பார்க்கிறது, செலுத்திகளைக் கூப்பிடுகிறது, ‘இது உன்னுடைய ஆள், விபரத்தை வாசித்துக்கொள்’ என்கிறது.

பிரச்சினையின் அடுத்த பாதி இங்கேதான் தொடங்கியது. அட்டை ஒன்றாகிவிட்டது. ஆனால் அதை ஒவ்வொரு செலுத்தியும் தன்பாட்டுக்கு வாசித்தது.

2009 இற்குப் பிறகு முகாம்களில் இருந்தவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே அட்டையைத்தான் எல்லா மேசைகளுக்கும் கொண்டுபோனோம். ஒவ்வொரு மேசையிலும் இருந்தவர் அதைப் பார்த்துத் தன் படிவத்தில் தன் முறைப்படி எழுதிக்கொண்டார். என் அம்மா பிறந்தது ஓகஸ்ட் 5. ஒரு படிவம் நாளை முதலில் கேட்டது, இன்னொன்று மாதத்தை முதலில் கேட்டது. ஒரு பதிவில் அம்மா ஓகஸ்ட் 5 இலும் மற்றதில் மே 8 இலும் பிறந்தவரானார். எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. இரண்டிலும் அதே 5, அதே 8. எந்த முனையிலிருந்து வாசிப்பது என்பதில்தான் வேறுபாடு. அதைத் திருத்த அவர் எத்தனை தடவை பஸ் ஏறி இறங்கினார் என்பது தனிக்கதை.

சாதன மரத்திலும் அச்சொட்டாக இதே சிக்கல் இருக்கிறது. அதில் ஒவ்வோர் எண்ணும் நான்கு துண்டுகளாகப் பதியப்படும், பெரிய பக்கத் துண்டு முதலில். ஆனால் ஆர்ம் சிப்புகள் பெரும்பாலும் சிறிய பக்கத்திலிருந்து வாசிப்பவை. ஆகவே வாசிக்கும் நிரல் துண்டுகளைத் திருப்பிப் போட வேண்டும். மறந்துவிட்டால் அட்டையில் 1 என்று இருப்பது 16,777,216 என்று வாசிக்கப்படும். ஒரு மில்லிசெக்கன் காத்திரு என்பது நாலரை மணித்தியாலத்துக்கும் அதிகமாகக் காத்திரு என்றாகிவிடும். பழைய செலுத்திகளில் இந்தத் திருப்பிப் போடும் வேலை ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது. சிலர் எழுதினார்கள். சிலர் தாங்கள் சோதித்த பலகையில் இரண்டு பக்கமும் ஒத்துப்போனதால் எழுதாமலே விட்டார்கள். வேறு பலகைக்குப் போனபோது அது உடைந்தது.

இதைவிட ஆழமான பிழை இன்னொன்று உண்டு. அட்டையில் ஒரு வரி இல்லாமலே இருப்பதும், அந்த வரியில் சுழியம் என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. ஒரு பாகத்தை எழுப்பிய பின் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். சுழியம் என்றிருந்தால் காத்திருக்கத் தேவையில்லை என்று பொருள். வரியே இல்லையென்றால் யாரும் எதுவும் சொல்லவில்லை, வழக்கமான அளவு நேரம் காத்திரு என்று பொருள். அவசரத்தில் எழுதிய செலுத்தி இரண்டையும் சுழியமாகவே எடுத்துக்கொள்ளும்.

சொல்லப்படாததை ‘இல்லை’ என்று பதிவது எங்களுக்குப் பழக்கமானது. கணவர் பற்றிய கட்டத்தை வெறுமையாக விட்ட பெண்களுக்கு ஒரு மேசையில் ‘இறந்தவர்’ என்று நிரப்பினார்கள், இன்னொரு மேசையில் ‘பிரிந்து வாழ்பவர்’ என்று நிரப்பினார்கள். அந்த வெறுமைக்கு உரிய சொல் படிவத்தில் இருக்கவில்லை. இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமல் போனமைக்கான சான்றிதழ் என்ற ஒன்றை இந்த நாட்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது 2016 இல்தான். அதையும் பல குடும்பங்கள் வாங்கவில்லை, அவர்கள் கேட்பது சான்றிதழ் அல்ல. இதைக் கணினியோடு ஒப்பிட்டு நான் சிறுமைப்படுத்துவதாக யாரும் நினைக்கக்கூடாது. ‘தெரியாது’ என்பதற்குத் தனி இடம் வைக்காத ஒரு படிவம் என்ன செய்யும் என்பதை எங்கள் பிள்ளைகள் எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமலே விளங்கிக்கொள்கிறார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

சரி, மாக் முகவரிக்கு வருவோம். கேர்னலில் இதற்கென இன்று ஒரு பொதுத் துணைநிரல் இருக்கிறது. வலையமைப்புச் செலுத்திகள் தாங்களாக அட்டையைப் புரட்டாமல் அதை அழைத்தால் போதும். அது செய்யும் வேலையைப் பார்த்தால், இதை ஏன் நூறு பேர் தனித்தனியாக எழுதக்கூடாது என்பது விளங்கும். முகவரி சாதன மரத்தில் மூன்று பெயர்களில் இருக்கலாம். ‘மாக்-அட்ரஸ்’ என்ற வரியில் ஆகப் பிந்திய முகவரி இருக்க வேண்டும், ஆகவே அது முதலில். அது இல்லையென்றால் ‘லோக்கல்-மாக்-அட்ரஸ்’, அதாவது தயாரிப்பின்போது கொடுத்தது. அதுவும் இல்லையென்றால் வழக்கொழிந்த ‘அட்ரஸ்’ என்ற வரி.

இதுவரை எவரும் எழுதிவிடலாம். பொறி வேறிடத்தில் இருக்கிறது. யூ-பூட் என்ற தொடக்க மென்பொருளின் சில பழைய பதிப்புகள் இரண்டாவது வரியை மட்டுமே நிரப்பும். முதல் வரி இருக்கும், ஆனால் முழுவதும் சுழியமாக இருக்கும். ஆகவே முதல் வரி இருக்கிறது என்று கண்டதும் அதை எடுத்துக்கொள்ளும் செலுத்திக்குக் கிடைப்பது வெறும் சுழியங்களே. பொதுத் துணைநிரல் முழுச் சுழிய முகவரியை ஏற்காமல் அடுத்த வரிக்குப் போகும். இந்தப் பழைய யூ-பூட் கதையை அந்த நிரலுக்கு மேலேயே குறிப்பாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். எங்கோ ஒருவர் ஒரு பலகையோடு இரவு முழுக்க மல்லுக்கட்டித் தெரிந்துகொண்ட விடயம் அது. ஒரே இடத்தில் எழுதப்பட்டதால் அதை அழைக்கும் எல்லாச் செலுத்திகளுக்கும் அந்த அறிவு கிடைத்தது. தன்பாட்டுக்கு வாசித்த செலுத்திகளுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் ரீவி பெட்டிகளோடு வந்த செலுத்தி அந்த இரண்டாம் வகை.

இப்படிப் பொதுத் துணைநிரல்களைச் சேர்ப்பது 2011 இலிருந்து படிப்படியாக நடந்து வருகிறது. எண்ணை வாசிக்க ஒன்று, எழுத்துத் தொடரை வாசிக்க ஒன்று. திருப்பிப் போடுவது, நீளம் சரியா என்று பார்ப்பது, வரி இல்லையென்றால் அதைத் தனியான பதிலாகச் சொல்வது எல்லாம் அவற்றின் பொறுப்பு. சில செலுத்திகளில் முப்பது நாற்பது வரியாக இருந்தது மூன்று வரியாகச் சுருங்கியது. இன்டெல் உலகத்தில் சாதன மரத்துக்குப் பதிலாக ஏசிபிஐ என்ற வேறொரு முறை உண்டு. அதாவது அங்கே அட்டையே வேறு அலுவலகத்தின் அட்டை. இரண்டிலிருந்தும் ஒரே மாதிரிக் கேட்டு வாசிக்கும் பொது வழி ஒன்றை இன்டெலில் இருந்த ரஃபேல் விசோக்கி, மீகா வெஸ்டர்பெர்க் ஆகியோர் செய்தார்கள். அது 2015 பெப்ரவரியில் வெளிவந்த 3.19 ஆம் பதிப்பில் சேர்ந்தது. செலுத்தியை எழுதுபவர் இப்போது எந்த அட்டை என்று கவலைப்படாமல் ‘இந்த விபரம் என்ன?’ என்று மட்டும் கேட்கலாம்.

பழைய செலுத்திகளில் ஒரே மாதிரித் துண்டுகள் எங்கெங்கு இருக்கின்றன என்று தேட, பிரான்சில் ஜூலியா லோவால் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் செய்த கொக்சினெல் என்ற கருவி உதவுகிறது. பிரெஞ்சில் அந்தப் பெயருக்குப் பொறிவண்டு என்று பொருள். செடியில் பூச்சிகளைத் தின்னும் வண்டு. எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கத் தேவையில்லை. செய்யும் வேலையின் வடிவம் ஒத்திருந்தால் போதும், இந்தக் கருவி பிடித்துவிடும். அட்டையே ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்று கேர்னலைத் தொடங்க முன்னரே சரிபார்க்கும் முறையையும் ரொப் ஹெரிங் முன்னின்று கொண்டுவந்திருக்கிறார். அது தனிக் கட்டுரைக்கு உரியது.

எல்லாவற்றையும் பொதுவாக்கிவிட்டால் தீர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு செலுத்தியில் பிழை இருந்தால் ஒரு சாதனம் கெடும். பொதுத் துணைநிரலில் பிழை இருந்தால் அதை நம்பிய எல்லாம் கெடும். மாக் முகவரித் துணைநிரலையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதன மரத்தில் மட்டுமல்லாமல் பலகையில் உள்ள சிறு நினைவகச் சிப்பிலும் முகவரி இருக்கலாம் என்ற தேவை வந்தபோது, அது பதில் சொல்லும் முறையை மாற்ற வேண்டியிருந்தது. முன்பு ‘கிடைக்கவில்லை’ என்பதற்குச் சொன்ன பதில் ஒன்று, மாற்றத்துக்குப் பின் சொன்ன பதில் வேறு. பழைய பதிலை எதிர்பார்த்திருந்த செலுத்திகளை எல்லாம் தேடித் திருத்தினார்கள். 2021 இல் அதன் வடிவத்தை மீண்டும் மாற்றினார்கள். அப்போதும் அதை அழைக்கும் செலுத்திகள் அனைத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் அது முடியக்கூடிய வேலையாக இருந்தது. எல்லாச் செலுத்திகளும் ஒரே மரத்தில், ஒரே பெயரை அழைத்துக்கொண்டு நின்றன, ஒரு தேடலில் அத்தனையும் அகப்பட்டன. அவரவர் தன்பாட்டுக்கு எழுதியிருந்தால் எங்கே தேடுவது?

இன்னொரு பொறியும் இருக்கிறது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு துண்டுகள் உண்மையில் ஒன்றல்லாமல் இருக்கலாம். ஒரு செலுத்தி விபரம் இல்லாதபோது பத்து மில்லிசெக்கன் காத்திருக்கும், இன்னொன்று நிறுத்திவிட்டுப் பிழை என்று சொல்லும். இரண்டையும் ஒரே துணைநிரலுக்குள் தள்ளும்போது, ஒன்றின் பழைய நடத்தை சத்தமில்லாமல் மாறிவிடும். பத்து வருடமாக ஓடிய சாதனம் ஒரு நாள் எழும்பாது. இதனால்தான் கேர்னலில் உள்ள மூத்தவர்கள் துப்புரவுத் திருத்தங்களைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். எனக்கு அந்தச் சந்தேகம் நியாயமாகவே படுகிறது.

இது துணுக்காயில் இருப்பவருக்கு ஏன் முக்கியம்? எங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் விற்றவர் கைவிட்ட சாதனம். அதில் இருப்பது விற்ற கம்பனி ஒரு நாள் பிரதி எடுத்து, தன் தேவைக்கு வெட்டி ஒட்டி, பின்னர் திரும்பிப் பார்க்காத கேர்னல். பொதுக் கேர்னலில் யாரோ ஒருவர் பிழையைத் திருத்தினால் அது அங்கே வந்து சேராது. பாதுகாப்புத் திருத்தமும் வராது. பொதுத் துணைநிரல்களை அழைக்கும் செலுத்தியாக இருந்தால் புதிய கேர்னலுக்குக் கொண்டுபோவது இலகு. தன் சொந்த வாசிப்பைச் சுமந்துகொண்டிருக்கும் செலுத்தியை அப்படிக் கொண்டுபோக முடியாது. பெட்டி நல்ல நிலையில் இருக்கும்போதே குப்பைக்குப் போகும். சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாங்கள், இயங்கும் ஒன்றை எறிய மனம் வராது.

இந்த வேலை எங்கோ தூரத்து ஆட்களுடையது என்றும் நினைக்க வேண்டாம். சென்னை ஐஐடியில் சக்தி என்ற பெயரில் செயலி வடிவமைப்பு நடக்கிறது. 2018 இல் அவர்கள் வடிவமைத்து, அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் தயாரான சிப்பில் லினக்ஸ் இயங்கியது. அது ரிஸ்க்-ஃபைவ் வகைச் செயலி. அந்த வகையிலும் கேர்னலுக்குக் கொடுக்கப்படுவது இதே சாதன மரம்தான். இங்கே ஒரு பிள்ளை அதை வாசிக்கப் பழகினால், நாளை எந்தச் செயலி வந்தாலும் அந்தப் பழக்கம் உதவும்.

இதற்குப் பட்டம் தேவையில்லை. சி மொழி ஓரளவு தெரிய வேண்டும். கேர்னல் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. இணையம் மெதுவாக இருந்தால், முழு வரலாற்றையும் தரவிறக்காமல் கடைசிப் பதிப்பை மட்டும் எடுக்கலாம். திருத்தத்தை மின்னஞ்சலில், அலங்காரம் இல்லாத வெறும் எழுத்தாக அனுப்ப வேண்டும். என்ன மாற்றினோம் என்பதைவிட ஏன் மாற்றினோம் என்று எழுதுவதே அங்கே முக்கியம். எங்கள் பிள்ளைகளுக்கு நிரலைவிட அந்த நான்கு வரி ஆங்கிலம்தான் கூடுதல் பயத்தைக் கொடுக்கிறது. வாசிப்பவர்களில் பலருக்கும் அது தாய்மொழி அல்ல என்று சொன்ன பிறகு கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது.

இப்போது வகுப்பில் மூன்று பேர் ஒரு பழைய வலையமைப்புச் செலுத்தியை வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். அது சாதன மரத்தின் வரியைத் தானே நேரடியாக எடுத்து, நீளத்தைப் பார்க்காமல் வாசிக்கிறது. பொதுத் துணைநிரலுக்கு மாற்றினால் பதினொரு வரி குறையும் என்று எண்ணிவைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சாதனம் எங்களிடம் இல்லை. கேர்னல் தொகுப்பு பிழையில்லாமல் முடிகிறதா என்று மட்டுமே எங்களால் பார்க்க முடியும். ‘தொகுத்து மட்டும் பார்த்தது’ என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு அனுப்பும் வழக்கம் அங்கே உண்டு. அப்படி அனுப்பினால், சாதனம் வைத்திருக்கும் யாராவது சோதித்துச் சொல்லலாம், அல்லது பராமரிப்பாளர் வேண்டாம் என்று சொல்லலாம். விபரம் இல்லாதபோது அந்தப் பழைய நிரல் என்ன செய்கிறது என்பதை அவர்கள் இன்னும் முழுதாக வாசித்து முடிக்கவில்லை. முடித்த பிறகுதான் அனுப்புவது.